ரீவைண்டிங் கடையிலிருந்து பார்த்த தொழில்கள்

கடலூர்–சிதம்பரம் சாலையில், குடிகாட்டுக்குப் பக்கத்தில் என் கடை. எப்போது வந்து பார்த்தாலும் கூரைக்குக் கீழே ஏதாவது ஒரு தொழில் மல்லாந்து கிடக்கும். மாவு மில் மோட்டார், மரவாடி மோட்டார், கடலூர் முதுநகர்ப் பக்கத்து ஐஸ் கம்பெனி பம்பு, பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கம்பெனி புளோயர், பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கமிருந்து வரும் இறால் குட்டை ஏரேட்டர், ஓட்டல் கிரைண்டர், வயல்காட்டு போர் மோட்டார். கரண்ட்டில் சுற்றுகிற எந்தத் தொழிலுக்கும் ஒருநாள் காயில் எரியும். எரிந்தால் இங்கே வரும். மோட்டாரோடு அதன் சொந்தக்காரரும் வருவார். வேலை ஓடும்போது எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்.

தன் தொழிலைப் பற்றி ஒருவர் கல்யாண வீட்டில் பேசுவதைக் கேட்டால் எதுவும் தெரியாது. மோட்டார் எரிந்து வியாபாரம் நின்றுபோன அன்று பேசுவார் பாருங்கள், அதில் எல்லாம் வந்துவிடும். யார் கடன் பாக்கி வைத்திருக்கிறார், எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, எந்த மாதம் கல்லாப்பெட்டி காலியாக இருக்கிறது, எதை நினைத்தால் அவருக்கு வெறுத்துப்போகிறது, எல்லாமே. அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் தொழில்களைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உருவானது.

எங்கள் ஊர்ப் பையன்கள் வந்து கேட்கிறார்கள். "அண்ணே, சிப்காட்டுல கான்ட்ராக்ட்லயே எத்தன நாளைக்கு ஓட்டறது? சொந்தமா ஏதாவது பண்ணணும். எதுல நல்லா காசு வருது?" எல்லாத் தொழிலிலும் காசு வருகிறது. எல்லாத் தொழிலிலும் கடையை மூடிவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். ஒரே தெருவில், ஒரே சரக்கை, ஒரே விலைக்கு விற்ற இரண்டு பேரில் ஒருவர் மாடி கட்டினார், இன்னொருவர் மோட்டாரை எடைக்குப் போட்டார். அதனால் நான் பையன்களிடம் வேறு ஒன்று கேட்பேன்: "அந்தத் தொழில்ல இருக்கற தொல்லையில எது உனக்குத் தொல்லையாவே தெரியாது, அதச் சொல்லு."

பலருக்கு இந்தக் கேள்வி புரிய நேரமாகும். லாபத்தைப் பற்றி அவர்கள் நிறைய யோசித்திருப்பார்கள், தொல்லையைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். லாபம் எப்போதோ வருவது. தொல்லை தினமும் காலையில் கடை திறக்கும்போதே வந்து நிற்பது.

நான் கடலூர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு வந்த நேரம், சிப்காட் தொழிற்பேட்டையில் கெமிக்கல் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சங்கொலிகுப்பம் என்று சாலையோர ஊர்களில் எல்லா வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் கான்ட்ராக்டில் உள்ளே போனார். நானும் போனேன். ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் ஹெல்பர். பெரிய மோட்டார்களை வெளியே அனுப்புவார்கள். சின்ன மோட்டார்களை உள்ளேயே கட்டிக்கொள்ள ஒரு மூலையில் பெஞ்ச் போட்டிருந்தார்கள். அந்த மூலைக்குப் போக யாருக்கும் விருப்பம் இருக்காது. நாள் முழுக்க குனிந்தே உட்கார வேண்டும், பேச்சுத்துணை கிடையாது, டீக்கு எழுந்துபோனால் சுற்றின கணக்கு மறந்துவிடும். என்னை அங்கே உட்கார வைத்தார்கள். எனக்கு அங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது. மற்றவர்களுக்குத் தண்டனையாகத் தெரிந்த இடத்தில் எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. இதை அப்போது ஒரு தகுதியாக நான் நினைக்கவில்லை. ஒருவருக்கு ஏற்ற தொழிலின் முதல் அடையாளம் இதுதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

சொந்தத் தொழில் என்று பேச்சு வந்தபோது என் தாய்மாமா சாமான் கடை வைக்கச் சொன்னார். ஒயர், சுவிட்சு, பல்பு, பைப் விற்கிற கடை. "வாங்கி விக்கறதுலதாண்டா காசு. கையில காயில் சுத்தி எத்தன மோட்டார் கட்டுவ?" அவர் கணக்கில் தப்பே இல்லை. சாமான் கடைக்காரர் நாலு பேரை வைத்து ஒரே நாளில் நாற்பது பேருக்கு விற்கலாம், நான் என் இரண்டு கையால் கட்டுகிற அளவுதான் கட்ட முடியும். ஆனால் சாமான் கடையின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று நான் பார்த்திருந்தேன். காலை முதல் ராத்திரிவரை வருகிற ஒவ்வொருவரிடமும் சிரித்துப் பேச வேண்டும். கட்டடம் கட்டுகிற மேஸ்திரிக்குக் கடன் கொடுத்துவிட்டு, அவர் பின்னாலேயே போய்க் கேட்க வேண்டும். இதே சாமான் எதிர்க் கடையில் பத்து ரூபாய் குறைவு என்று சொல்பவரைச் சமாளித்து அனுப்ப வேண்டும். இதெல்லாம் மாமாவுக்குச் சர்க்கரைப் பொங்கல். எனக்கு மதியத்துக்குள்ளேயே தலைவலி வந்துவிடும்.

1993ல் பிரதம மந்திரி ரோஜ்கார் யோஜனா வந்தது. வேலையில்லாத படித்த இளைஞர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் திட்டச் செலவுவரை வங்கிக்கடன் கிடைத்தது. அதே வருஷம்தான் தென்னாற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்து, கடலூர் தலைமையில் தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம் ஆனது. கொஞ்ச காலம் கழித்து நானும் ரீவைண்டிங் கடை வைக்க மாவட்டத் தொழில் மையத்தில் மனு போட்டேன். கடன் கைக்கு வருவதற்கு முன் ஒரு பயிற்சி இருந்தது. கணக்கு எழுதுவது, வங்கிக்குத் தாள் தயாரிப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு நாள் தரையில் ஒரு குச்சியை நட்டு வளையம் எறியச் சொன்னார்கள். எங்கே நின்று எறிவது என்பது அவரவர் இஷ்டம். சிலர் குச்சிக்கு மேலேயே நின்று போட்டார்கள். சிலர் சுவரோரம் போய் நின்று வீசினார்கள். பயிற்சி கொடுத்தவர் வளையம் விழுந்ததா என்று பார்க்கவில்லை, யார் எங்கே நின்றார்கள் என்பதைத்தான் குறித்துக்கொண்டிருந்தார்.

அந்த விளையாட்டுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருப்பது பிறகு தெரிந்தது. டேவிட் மெக்லலண்ட் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர், ஹார்வர்டில் இருந்தவர், 1960களில் ஆந்திராவின் காக்கிநாடாச் சிறு வியாபாரிகளைக் கூட்டி, ஹைதராபாத்தின் சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தோடு சேர்ந்து பயிற்சி நடத்தினார். சாதிக்க வேண்டும் என்ற உந்துதல் உள்ளவர்கள் மிகப் பக்கத்திலும் நிற்க மாட்டார்கள், மிகத் தூரத்திலும் நிற்க மாட்டார்கள், தன் கைக்கு எட்டுமா எட்டாதா என்ற நடுத்தூரத்தில் நிற்பார்கள் என்பது அவர் சொன்னது. இந்தியாவில் தொழில்முனைவோர் பயிற்சி என்று பின்னால் நடந்த பலவற்றில் அந்தக் காக்கிநாடாப் பயிற்சியின் சாயல் இருக்கிறது. எனக்கு அந்த விளையாட்டின் மேல் மரியாதை உண்டு. ஒருவர் எவ்வளவு துணிவார் என்பதை அது காட்டும். ஆனால் எதற்கு நடுவில் அவர் நிம்மதியாக இருப்பார் என்பதை அது காட்டாது. எங்களோடு நடுத்தூரத்தில் நின்று அழகாக வளையம் போட்ட ஒருவர் மளிகைக் கடை வைத்தார். கொடுத்த கடனைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. துணிச்சல் இருந்தது, கடையில் சரக்கும் இருந்தது. பாக்கி நோட்டு நிரம்பி, கடை நின்றுபோனது.

என் தொழிலின் ஒரு நாளைச் சொல்கிறேன். எரிந்த மோட்டார் வந்ததும் பிரித்து ரோட்டரை உருவ வேண்டும். பிறகு டேட்டா எடுப்பது. எத்தனை ஸ்லாட், 24ஆ 36ஆ, காயில் எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது, ஒரு காயிலில் எத்தனை சுற்று, கம்பி எந்த கேஜ், இணைப்பு ஸ்டாரா டெல்டாவா. இதை நோட்டில் எழுதாமல் ஒரு கம்பியையும் வெட்டக் கூடாது. கருகிப்போன காயிலில் சுற்றுக் கணக்கு எடுக்க, ஒட்டிக்கொண்ட கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ண வேண்டும். பழைய காயிலை எடுக்கச் சிலர் ஸ்டேட்டரையே நெருப்பில் போட்டுவிடுவார்கள். வார்னிஷ் எரிந்து கம்பி சுலபமாக வரும். ஆனால் உள்ளே அடுக்கியிருக்கிற இரும்புத் தகடுகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய பூச்சும் சேர்ந்து போய்விடும். அந்த மோட்டார் மறுபடி ஓடும், சூடாகவே ஓடும், கரண்ட்டைத் தின்னும். வாடிக்கையாளருக்கு ஒரு நாளும் காரணம் தெரியாது. நான் ஒரு பக்கம் உளி வைத்து வெட்டி, மறுபக்கம் பிடித்து இழுத்து எடுப்பேன். நேரம் கூட ஆகும், அந்த நேரத்துக்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

பிறகு ஸ்லாட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பேப்பர் போட்டு, புதுக் கம்பியை அச்சில் சுற்றி, கொத்துக் கொத்தாக ஸ்லாட்டுக்குள் இறக்க வேண்டும். எனாமல் ஒரு இடத்தில் உரசிப் போனாலும் நாளைக்கு அங்கேதான் ஷார்ட் ஆகும். மேலே மூங்கில் குச்சி செருகி, நூல் கட்டி, ஜாயின்ட் அடித்து, மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்த்து, வார்னிஷில் நனைத்து, காயவைத்து, புது பேரிங் போட்டு மாட்டி, மூன்று பேஸிலும் டங் டெஸ்டர் போட்டுக் கரண்ட் பார்க்கும்போது முள் மூன்று முறையும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். சுற்றுக் கணக்கில் ஒரு காயில் பிசகினாலும் அங்கே காட்டிக்கொடுத்துவிடும். சரியாக நின்றால் அந்த நிமிஷத்தில் எனக்கு வருகிற சந்தோஷத்தை இத்தனை வருஷத்தில் எதுவும் குறைக்கவில்லை.

இதில் உள்ள தொல்லைகள்: முதுகு, கண், விரல் நுனி, வார்னிஷ் நெடி. சம்பா நடவு நேரத்தில் ஒரே நாளில் பத்து விவசாயிகள் வந்து, "இன்னைக்கே வேணும், நாத்து காயுது" என்று நிற்பார்கள். அதைவிடப் பெரிய தொல்லை, கட்டிக்கொடுத்த மோட்டார் ஒரு மாதத்தில் எரிந்து திரும்பி வருவது. "நீ கட்டனதுதான், எரிஞ்சிபோச்சி" என்று கோபமாக இறக்கி வைப்பார்கள். நான் பதில் பேச மாட்டேன். அவர்கள் முன்னாலேயே பிரிப்பேன். எரிந்த காயில் பொய் சொல்லாது. டெல்டா மோட்டாரில் ஒரு பேஸ் மட்டும் கறுத்து மற்ற இரண்டும் பளபளவென்று இருந்தால், லைனில் ஒரு பேஸ் போன பிறகும் ஓடியிருக்கிறது. ஸ்டார் என்றால் இரண்டு கறுக்கும், ஒன்று தப்பிக்கும். மூன்றும் ஒரேமாதிரி கறுத்திருந்தால் ஓவர்லோடு, இல்லை லோ வோல்டேஜ். ஒரு ஸ்லாட் வாயில் மட்டும் பொத்தல் விழுந்திருந்தால் தண்ணீர் இறங்கிப் பாடி ஷார்ட். என் வேலையில் குறை என்றால் அதுவும் அங்கே தெரியும், காசு வாங்காமல் கட்டிக் கொடுப்பேன். சத்தம் போட்டு வாதாடுகிற சுபாவம் எனக்கு இல்லை. காட்டி விளக்குவது பிடிக்கும். இந்தத் தொழிலில் சண்டையையும் காட்டியே முடிக்கலாம் என்பதால்தான் நான் இதில் நிலைத்தேன்.

வாசனை பிடித்தே பாதி சொல்லிவிடலாம், எனாமல் எரிந்த வாசனை வேறு, பேரிங் கிரீஸ் எரிந்தது வேறு. எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இந்த மூக்கு ஏற்கனவே பழகியது. 2004ல் சிப்காட் சுற்றுவட்டார மக்களே குழுவாகச் சேர்ந்து, எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து என்ன வாடை வந்தது என்று எழுதிவைத்து, பக்கெட்டில் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். படித்த நிபுணர்கள் பார்க்காததை ஊர் மூக்கு கண்டுபிடித்தது. ஒருவருக்கு என்ன திறமை இருக்கிறது என்று கேட்டால் சான்றிதழை மட்டும் நினைக்கிறோம். வாழ்ந்த இடம் கற்றுக்கொடுத்ததும் திறமைதான்.

மோட்டாரைப் பார்த்தால் அதன் சொந்தக்காரர் அந்தத் தொழிலுக்கு ஏற்றவரா என்றுகூட ஓரளவு தெரிந்துவிடும். சிதம்பரத்தில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிற ஓர் அம்மா வருவார். அவர் மோட்டார் எரிந்து ஒருநாளும் வந்ததில்லை. சத்தம் மாறின அன்றே கொண்டுவந்துவிடுவார். "தம்பி, நேத்துலேருந்து கர்ருனு ஒரு சத்தம், பேரிங்கான்னு பாரு." விடியற்காலை மூன்று மணிக்கு அரைக்கத் தொடங்குபவர். ஊறவைக்கிற நேரம், உளுந்து பொங்குகிற அளவு, எந்தக் கடைக்கு எத்தனை பாக்கெட், எல்லாம் தினமும் ஒரேமாதிரி. அந்த ஒரேமாதிரிதான் அவருக்குப் பிடித்தது. அவரைப் பார்த்து அதே மாவு வியாபாரத்தில் இறங்கினார் இன்னொருவர். நல்ல பேச்சுக்காரர், நாலு பேரைச் சேர்த்து வேலை வாங்கத் தெரிந்தவர். புது முகம் பார்க்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. இரண்டு முறை அவர் கிரைண்டர் மோட்டார் எரிந்தே வந்தது. மாவு கெட்டியாக அரைபட்டு மோட்டார் திணறுவதை அவர் கவனிக்கவே இல்லை, போனில் இருந்திருப்பார். மாவை விட்டுவிட்டுக் கல்யாண சமையல் ஆர்டர் எடுக்கத் தொடங்கினார். ஒவ்வொரு நாளும் வேறு மண்டபம், வேறு வீட்டுக்காரர், கடைசி நேரக் குழப்பம். அந்தக் குழப்பத்தில்தான் அவர் மூளை நன்றாக வேலை செய்கிறது. இன்று கடலூரிலிருந்து சிதம்பரம்வரை அவருக்குப் பெயர் இருக்கிறது. இருவருக்கும் கையில் இருந்தது கிட்டத்தட்ட ஒரே பணம், இருவருமே உழைப்பாளிகள்.

இறால் கதை இன்னும் பெரியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தக் கடற்கரை முழுக்க ஒரே பேச்சாக இருந்தது. நிலம் இருந்தவர்கள் குட்டை வெட்டினார்கள், இல்லாதவர்கள் குத்தகைக்கு எடுத்தார்கள். ஒரே அறுவடையில் வீடு கட்டினவர்களைப் பார்த்து, டீக்கடை வைத்திருந்தவர் முதல் வாத்தியார் வேலையில் இருந்தவர்வரை இறங்கினார்கள். 1994, 95ல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. குட்டைகள் அப்படியே செத்தன. நிலத்தடி நீரும் வயலும் உப்பாகிப் போவதை எதிர்த்து சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியில் இறால் தொழிற்பண்ணைகள் கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் நான் விவசாயிகள் பக்கம்தான். உப்பு ஏறின போர் மோட்டார்கள் என் கடைக்கே வந்தன, உள்ளே பார்த்திருக்கிறேன். பிறகு 2005ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று ஆணையச் சட்டம் வந்தது, 2009ல் வன்னாமி இறால் அனுமதிக்கப்பட்டது, தொழில் மறுபடி தலைதூக்கியது.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவில் நிலைத்து நின்ற சிலரை நான் அறிவேன். அவர்களிடம் ஒரு பொதுக் குணம் உண்டு. குட்டையில் ஆக்சிஜன் மிகவும் குறைவது விடிவதற்குச் சற்று முன்பு. அந்த நேரத்தில் ஏரேட்டர் நின்றால் காலையில் இறால் மிதக்கும். அவர்கள் குட்டைக் கரையிலேயே படுப்பார்கள், ஏரேட்டர் சத்தம் நின்றால் தூக்கத்திலேயே எழுந்துவிடுவார்கள். கொட்டகையில் கட்டித் தயாராக ஒரு மோட்டார் எப்போதும் இருக்கும். அதோடு, மொத்தமாகப் போனாலும் அடுத்த நாள் சோறு இறங்கும் அவர்களுக்கு. மற்றவர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். கை நடுங்கும். அவர்களில் பலர் நல்ல விவசாயிகள். பயிர் வாடுவதைப் பார்த்து மெல்ல மெல்லத் தீர்வு காணத் தெரிந்தவர்கள். ஒரே ராத்திரியில் எல்லாம் முடிந்துவிடுகிற தொழிலுக்கு அவர்கள் மனசு செய்யப்படவில்லை.

கடலூர்க்காரர் ஒருவரின் கதையை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். கெவின்கேர் நிறுவனர் சி.கே.ரங்கநாதன். அவருடைய அப்பா சின்னிகிருஷ்ணன்தான் ஷாம்பு போன்றவற்றைச் சின்னச் சின்னப் பாக்கெட்டில், கூலி வேலை செய்பவரும் வாங்கும் விலையில் விற்க வேண்டும் என்ற யோசனையைப் பிடித்துக்கொண்டவர். ரங்கநாதன் சின்ன வயதில் புறா, மீன், பறவை என்று நிறைய வளர்த்து, அதை விற்றே கைச்செலவுக்குச் சம்பாதித்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1983ல் குடும்பத் தொழிலிலிருந்து தனியே வந்தபோது கையில் 15,000 ரூபாய். தனக்குத் தெரிந்தவை இரண்டு, ஷாம்பு தயாரிப்பதும் பிராணி வளர்ப்பதும் என்கிறார். அவர் எடுத்தது ஷாம்பு. கடலூரில் வாடகை இடத்தில் சிக் ஷாம்பு பிறந்தது. காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு பாக்கெட் இலவசம் என்று கிராமம் கிராமமாகப் பழக்கினார். புறாவும் மீனும் அவருக்கு ஆசை. ஒரு ரூபாயை எடுத்து வைக்கும் முன் நாலு தரம் யோசிக்கிற வாடிக்கையாளரின் கையை அவர் பிறந்த வீட்டிலிருந்தே பார்த்திருந்தார், அதுதான் அறிவு. ஆசைப்பட்டதைத் தொழிலாக்கு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பறவைகள் மேல் இருந்த அன்பு அவரை விட்டுப் போகவில்லை, வியாபாரத்தின் பாரத்தை அதன் தலையில் அவர் ஏற்றவும் இல்லை.

என்னிடம் வேலை கற்ற பையன்களில் ஒருவன் கை மிகச் சுத்தம். ஆனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கால் ஆடத் தொடங்கிவிடும். வாடிக்கையாளர் வந்தால் முதல் ஆளாக எழுந்து போய்ப் பேசுவான். "நீ போர்ல மோட்டார் எறக்கற வேலைக்குப் போடா" என்று நான்தான் அனுப்பினேன். பைப் இறக்குவது, வெயிலில் நிற்பது, ஊர் ஊராகப் போவது, விவசாயியோடு வரப்பில் நின்று பேசி எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்று முடிவு செய்வது. இன்று அவன் சொந்த வண்டி வைத்திருக்கிறான், எரிந்த மோட்டாரெல்லாம் என்னிடமே வருகிறது. இன்னொருவன் இதற்கு நேரெதிர். கடையில் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது. அவனுக்குச் சின்ன வேலைதான் பிடிக்கும், மிக்ஸி ஆர்மேச்சர், தையல் மிஷின் மோட்டார். முடி போன்ற கம்பி, பெரிய கைக்காரர்கள் அலுத்துக்கொள்கிற வேலை. குறிஞ்சிப்பாடியில் கடை வைத்திருக்கிறான்.

சுபாவத்தில் இல்லாததை எல்லாம் ஒருவரே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் இல்லை. காசு கேட்பது எனக்கு வராது. என் மனைவிக்கு அது இயல்பாக வரும். பாக்கி நோட்டு அவரிடம்தான். "என்னங்க அண்ணா, போன அறுப்புக்கே தரேன்னீங்க" என்று சிரித்துக்கொண்டே அவர் ஒரு போன் போட்டால், இரண்டு நாளில் வந்துவிடும். யாருக்கும் மனசு நோகாது. தொழில் தொடங்கும் பையன்களிடம், உன் வீட்டில் யாருக்கு என்ன வரும் என்று கேட்பேன். அம்மாவுக்குக் கணக்கு ஞாபகம் இருக்கும், அக்காவுக்கு ஆட்களை வேலை வாங்கத் தெரியும். கடன் விண்ணப்பத்தில் இதற்குக் கட்டம் கிடையாது. கடை நிற்பதும் நிலைப்பதும் பாதி இதில்தான் இருக்கிறது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. காயில் சுற்றக் கரண்ட் வேண்டாம், கையால் சுற்றும் மிஷின் போதும், பகல் வெளிச்சத்தில் கட்டிக்கொண்டே இருந்தேன். என்னிடம் வேலை கற்று, போரில் மோட்டார் இறக்கப் போன அந்தப் பையன் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி, தெருத் தெருவாகப் போய் மேல்தொட்டிகளை நிரப்பிக் கொடுத்தான். அதற்கு டீசல் செலவோடு நியாயமாகக் கூலி வாங்கினான். அப்படி ஒரு யோசனை எனக்கு வந்திருக்காது. நான் செய்த வேலை அவனுக்குப் பொருந்தியிருக்காது. 2015 நவம்பர் வெள்ளத்தில் கடை முழுக்கச் சேறு படிந்த மோட்டார்கள் குவிந்தன. மூழ்கிய மோட்டாரெல்லாம் எரிந்த மோட்டார் இல்லை. ஈரத்தோடு சுவிட்சைப் போடாமல் இருந்தால் போதும். நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, மெக்கர் ஏறினதும் வார்னிஷ் அடித்து, பேரிங் மாற்றிவிடலாம். கட்டுக்கூலியில் சின்னப் பங்குதான் கிடைக்கும். எல்லாவற்றையும் கட்டியதாகக் கணக்குக் காட்டச் சந்தர்ப்பம் இருந்தது. அந்த ஆசை எழாதவர்தான் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும். உள்ளே என்ன செய்தோம் என்பது வாடிக்கையாளர் கண்ணில் படாத தொழில் இது.

இப்போது காலம் மாறுகிறது. மின்விசிறியில் காயிலைவிட சர்க்யூட் போர்டுதான் அதிகம் போகிறது. மலிவு மோட்டார்களைக் கட்டுவதைவிடப் புதிது வாங்குவது மேல் என்று நானே சொல்லி அனுப்புகிறேன். வயல்களில் சோலார் பம்பு வருகிறது. இந்தத் தொழிலுக்குள் வர நினைப்பவர் போர்டையும் படிக்க வேண்டும். ஆனால் உட்கார்ந்து, எண்ணி, காரணம் தேடுகிற சுபாவம் இருந்தால் போர்டும் அவருக்குப் பழகிவிடும்.

யார் வந்து யோசனை கேட்டாலும் கடைசியில் நான் சொல்வது, பிடித்த தொழிலில் இருக்கும் ஒருவரிடம் போய்ச் சம்பளம் இல்லாமல் கொஞ்ச நாள் இருந்துபார் என்பதுதான். நல்ல மாதத்தில் போகாதே, அந்தத் தொழில் படுத்திருக்கிற மாதத்திலோ மூச்சுத் திணறுகிற மாதத்திலோ போ. கல்யாண சமையல், பந்தல், பாத்திர வாடகை என்றால் ஆடியில் போய்ப் பார், முகூர்த்தம் இல்லாமல் எப்படி வீட்டு அடுப்பு எரிகிறது என்று. ஐஸ் கம்பெனி, மீன் வியாபாரம் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கரையில் நிற்கிற மீன்பிடித் தடைக்காலத்தில் போ. இறால் என்றால் ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி குட்டைக் கரையில் படு. இட்லி மாவு என்றால் சித்திரை வெயிலில், மாவு நேரத்துக்கு முன்பே புளிக்கிற நாட்களில் போ. ரீவைண்டிங் என்றால் சம்பா நடவு நேரத்தில் என் கடைக்கு வா. காலை எட்டு மணிக்குத் திறப்பேன். முதல் வேலை, கருகின காயிலைப் பிரித்துச் சுற்று எண்ணுவது.